மருந்தின் பெயரால் வரும் போதை



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் எங்கள் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தினர், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

அன்பின் நேயர்களே! போதைப்பொருள் பற்றிய உரை என்றதும் உங்களில் சிலர் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடக் கூடும். குடு, கஞ்சா, ஐஸ் என்ற பெயர்களைக் கேட்டுக் கேட்டு எமது காதுகள் மரத்துப் போய்விட்டன. "எங்கள் பிள்ளை அந்தப் பக்கமே போகமாட்டான்" என்ற நிம்மதியும் பல வீடுகளில் உண்டு. ஆனால் இன்று நான் பேசவிருப்பது சந்தியில் மறைந்து நின்று விற்கப்படும் பொருளைப் பற்றியல்ல. வைத்தியர் தமது கையால் எழுதிக் கொடுக்கின்ற, பாமசியில் காசு கொடுத்து வாங்குகின்ற, உம்மாவின் அலுமாரியில் பழைய மருந்துகளோடு கிடக்கின்ற குளிசையைப் பற்றியே பேச விரும்புகின்றேன்.

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். அந்த அபினிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனிய மருந்தாளர் ஒருவர் மோர்பினைப் பிரித்தெடுத்தார். கொடீன் என்பதும் அபினில் உள்ளதே. பின்னர் ஆய்வுகூடங்களில் அதே குணமுடைய மருந்துகளை மனிதர்கள் செய்யத் தொடங்கினார்கள். ஒக்ஸிகொடோன், பெண்டனில், டிரமடோல் என்பன அவ்வாறு வந்தவை. இவற்றில் டிரமடோல் என்ற பெயரை எமது நாட்டு மக்கள் ஓரளவு அறிவார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின்னும், எலும்பு முறிவுக்கும், தாங்க முடியாத முதுகு வலிக்கும் அது கொடுக்கப்படுகின்றது. கொழும்புத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் பெருந்தொகையான குளிசைகள் கைப்பற்றப்பட்டதாகப் பத்திரிகைகளில் வந்த செய்திகள் மூலம் அப்பெயரை அறிந்தவர்களும் உண்டு.

இந்த மருந்துகள் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை விளங்கிக்கொள்ளாமல் இதன் ஆபத்தை விளங்க முடியாது. வல்ல அல்லாஹ் மனித மூளையிலேயே வலியைத் தணிக்கும் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கின்றான். எண்டோர்பின் எனப்படும் பொருளை உடலே சுரந்துகொள்கின்றது. அது மூளையிலும் முள்ளந்தண்டிலும் உள்ள சில வாங்கிகளில் சென்று பொருந்தும்போது வலியின் செய்தி அடங்கிப் போகின்றது. பூட்டுக்குச் சாவி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அபின் வகை மருந்துகள் அதே பூட்டில் நுழைகின்ற கள்ளச் சாவிகள். அவை வலியை மட்டும் அடக்குவதில்லை. மனதில் ஒரு பொய்யான சுகத்தையும் உண்டாக்குகின்றன. மூச்சின் வேகத்தையும் குறைக்கின்றன. சில வாரங்கள் தொடர்ந்தால் உடல் அதற்குப் பழகிவிடும். நேற்று ஒன்று போதுமாயிருந்த இடத்தில் இன்று இரண்டு தேவைப்படும். திடீரென நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல், வயிற்றோட்டம், உடம்பு முறிவது போன்ற வலி, தூக்கமின்மை எல்லாம் ஒன்றுசேர்ந்து வரும். வலிக்காகக் குளிசை எடுத்த மனிதன், குளிசை இல்லாத வலிக்காகக் குளிசை எடுக்கத் தொடங்குகின்றான். அளவு மிஞ்சினால் உறக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். மதுவோடோ தூக்கக் குளிசையோடோ சேரும்போது அதற்குப் பெரிய அளவுகூடத் தேவையில்லை.

"இது அவ்வளவு மோசமானதாக இருந்தால் மருந்தாகத் தருவார்களா?" என்று ஓர் இளைஞர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வரலாற்றைப் பாருங்கள். இன்று நாம் குடு என்று அருவருக்கும் ஹெரோயினை 1898ஆம் ஆண்டு ஜெர்மனியின் பேயர் கம்பனி இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மோர்பினைப் போல இது அடிமைப்படுத்தாது என்பதே அப்போது சொல்லப்பட்ட நற்சாட்சி! சுமார் நூறு ஆண்டுகள் கழித்து 1996இல் அமெரிக்காவில் பேர்டியூ பார்மா என்ற கம்பனி ஒக்ஸிகொன்டின் என்ற குளிசையை விற்கத் தொடங்கியது. உள்ளிருக்கும் மருந்து மெல்ல மெல்ல இறங்குவதால் துஷ்பிரயோகத்திற்கு வாய்ப்புக் குறைவு என்று வைத்தியர்களிடம் கூறப்பட்டது. அக்குளிசையை நசுக்கினால் மருந்து முழுவதும் ஒரே தடவையில் இறங்கும் என்பதைத் தெருவிலிருந்தவர்கள் வெகு விரைவில் கண்டுபிடித்துவிட்டார்கள். தவறான விளம்பரம் செய்த குற்றத்தை 2007இல் அந்தக் கம்பனியும் அதன் மூன்று உயர் அதிகாரிகளும் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 60 கோடி டொலருக்கும் அதிகமாகச் செலுத்தினார்கள். 2020இல் கம்பனி மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இடையில் என்ன நடந்தது? குளிசைக்கு அடிமையானவர்களில் ஒரு பகுதியினர் மலிவான ஹெரோயினுக்கும், பின்னர் களவாகச் செய்யப்பட்ட பெண்டனிலுக்கும் சென்றார்கள். 2021ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் அபின் வகைப் பொருட்களின் அளவு மிஞ்சி மரணித்தோர் 80,000க்கும் அதிகம்.

டிரமடோலின் கதையும் இதே பாதையில்தான் செல்கின்றது. 1977இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த இம்மருந்து, பலம் குறைந்தது, பாதுகாப்பானது என்ற பெயரோடு உலகெங்கும் பரவியது. எகிப்திலும், காஸாவிலும், நைஜீரியாவிலும் எமது முஸ்லிம் சகோதரர்களின் பிள்ளைகள் பலரை அது விழுங்கிவிட்டது. கடின உழைப்பைத் தாங்குவதற்காக ஒருவர், கவலையை மறப்பதற்காக இன்னொருவர், இல்லற வாழ்வுக்குப் பலம் தரும் என்று நண்பன் சொன்னதைக் கேட்டு மற்றொருவர் என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். அமெரிக்கா 2014இலும் இந்தியா 2018இலும் இதனைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் சேர்த்தன. ஏனைய அபின் மருந்துகள் பலவற்றுக்கு இல்லாத இன்னோர் ஆபத்தும் இதில் கூடுதலாக உண்டு: அளவு மிஞ்சும்போது வலிப்பு வரும். பரசிட்டமோல் கலந்து வரும் டிரமடோல் குளிசையைப் போதைக்காக அள்ளி விழுங்குபவன், தான் அறியாமலேயே தனது ஈரலையும் அழித்துக்கொள்கின்றான்.

இளைஞர்களே! முதல் குளிசையை உங்களிடம் நீட்டுபவன் கொடியவனாகத் தோன்றமாட்டான். உங்களோடு பந்து விளையாடுபவனாக, டியூஷன் வகுப்பில் பக்கத்தில் அமர்பவனாக இருப்பான். "இது குடு இல்ல மச்சான், டொக்டர்மார் குடுக்குற குளிசைதான்" என்பான். அவன் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மைதான் உங்களை வீழ்த்தும். வாயில் மணமில்லை, கண் சிவப்பதில்லை, பள்ளிவாசலில் ஸப்பில் நின்றாலும் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மது ஹராம் என்று அறிந்து அதன் பக்கம் திரும்பியும் பாராத பிள்ளைகள், குர்ஆனில் பெயர் கூறப்படாத ஒரு பொருள் என்பதால் இதில் தைரியமாகக் கை வைக்கின்றார்கள்.

இந்த வாதம் புதியதன்று. ஹஷீஷ் எனும் போதை இலை முஸ்லிம் நாடுகளில் பரவிய காலத்திலும், அதன் பெயர் வஹியில் வரவில்லையே என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஹிஜ்ரி 794இல் வபாத்தான ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் பத்ருத்தீன் ஸர்கஷீ அவர்கள் அது ஹராம் என்பதை நிறுவுவதற்கென்றே தனியொரு நூலை எழுதினார்கள். மார்க்கம் ஒரு பானத்தின் பெயரைத் தடுக்கவில்லை. அறிவை மூடும் தன்மையையே தடுத்தது. போதையூட்டும் எதுவும் ஹராம் என்ற கருத்தும், அதிகம் போதை தருவதில் சிறிதளவும் ஹராம் என்ற கருத்தும் நபிமொழிகளில் தெளிவாக வந்துள்ளன. போதையூட்டுவதை மாத்திரமன்றி, உடலைத் தளர்த்திச் சோரச் செய்யும் 'முஃபத்திர்' என்பதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அன்னை உம்மு ஸலமா (ரழி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு இருந்தாலும், அபினையும் ஹஷீஷையும் பற்றிப் பேசிய இமாம்கள் அதனை எடுத்துக் காட்டியுள்ளார்கள். டிரமடோலை விழுங்கிவிட்டுச் சுவரில் சாய்ந்து அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் வாலிபனைக் கண்டவர்களுக்கு அந்த அரபுச் சொல்லுக்கு அகராதி தேவைப்படாது.

இங்கே ஒரு விடயத்தை நான் நிறுத்திச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்த உரை நன்மைக்குப் பதிலாகத் தீமையைச் செய்துவிடும்.

மஹரகமை வைத்தியசாலையில் புற்றுநோயோடு போராடும் ஒரு தாய்க்கு வைத்தியர் மோர்பின் எழுதிக் கொடுக்கின்றார். "அது போதை மருந்து, ஹராம்" என்று கூறிப் பிள்ளைகள் அதைக் கொடுக்காமல் விடுகின்றார்கள். அந்தத் தாய் இரவெல்லாம் முனகுகின்றாள். இது தக்வா அல்ல. மார்க்கத்தை அறியாமையின் விளைவு. நோவினால் அவதியுறும் ஒருவரின் நோவைத் தணிப்பதற்காக, தேர்ந்த வைத்தியர், தேவையான அளவில், தேவையான காலத்திற்குக் கொடுக்கும் மருந்துக்கு எமது மத்ஹபின் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வழி திறந்துள்ளார்கள். ஹிஜ்ரி 676இல் வபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அழுகிப்போன கையை வெட்டியெடுக்க வேண்டிய ஒருவருக்கு அறிவை நீக்கும் மருந்து தேவைப்பட்டால் அதை உட்கொள்ளலாமா என்ற கேள்வியை எடுத்து, ஆகுமானது என்பதே மிகச் சரியான கருத்து என்று பதிந்துள்ளார்கள். மயக்க மருந்து நிபுணர் என்ற ஒருவர் உலகில் தோன்றுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே! மது மருந்தன்று, நோயே என நபியவர்கள் கூறிய ஹதீஸைச் சிலர் இங்கே கொண்டுவருவர். திரவமான மதுவுக்கும் அபின் போன்ற திடப் பொருளுக்கும் இடையே மருத்துவத் தேவையின்போது சட்டத்தில் வேறுபாடு உண்டு என்பதை ஃபுகஹாக்கள் விரிவாகப் பேசியுள்ளனர்.

ஆகவே ஒரே குளிசை தாயின் கையில் மருந்து. மகன் அதைத் திருடி எடுத்தால் போதை.

சென்ற வருடம் ஒரு தந்தை மஃரிபுக்குப் பின் என்னைச் சந்தித்தார். மகன் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவன். இரண்டு வாரத்திற்கு எழுதப்பட்ட குளிசை தீர்ந்தது. பழைய துண்டைக் காட்டி மீண்டும் வாங்கினான். பின்னர் துண்டு இல்லாமலே வாங்கினான். எட்டு மாதம். கால் நன்றாக ஆறிவிட்டது. "மகன் ஹராம் செய்கின்றானா, மருந்து எடுக்கின்றானா என்று எனக்கே விளங்கவில்லை ஹஸ்ரத்" என்று அந்த மனிதர் அழுதார். பிரச்சினையின் முழு வடிவமும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றது. அவன் போதையைத் தேடிச் சென்றவனல்லன். வலியிலிருந்து தொடங்கி, எல்லை எங்கே என்று தெரியாமல் அதைத் தாண்டியவன். அவனைத் தாண்டவிட்டது யார்?

துண்டைப் பார்க்காமல் குளிசையை எண்ணிக் கொடுத்தவரும் எமது சமூகத்தவராக இருக்கலாம். நாங்கள் வியாபாரச் சமூகம். பாமசி நடத்துபவர்களும் மருந்து இறக்குமதி செய்பவர்களும் எங்களில் உண்டு. அவர்களில் பெரும்பாலானோர் நேர்மையானவர்கள். ஏனையோரிடம் ஒன்று சொல்கின்றேன். மதுவின் விடயத்தில் நபி (ஸல்) அவர்கள் அருந்துபவனை மட்டும் சபிக்கவில்லை. பிழிபவன், சுமப்பவன், விற்பவன், அதன் கிரயத்தை உண்பவன் எனப் பத்துப் பேரைச் சேர்த்துச் சபித்தார்கள். அடிமைப்பட்ட பையன் என்று தெரிந்துகொண்டே அட்டையை நீட்டுபவர், அந்தப் பட்டியலில் தமது இடம் எது என்று பார்த்துக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால், அந்தப் பையனின் குற்றத்தை விட அவருடைய குற்றமே பெரிது.

பெற்றோர்களே! எமது வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டுக்குக் கஞ்சி கொடுப்பது போலவே குளிசையும் கொடுப்போம். "எனக்கு நல்லா சுகமாச்சு, நீங்களும் ரெண்டு போட்டுப் பாருங்க." இதை விட்டுவிடுங்கள். ஒரே அளவு டிரமடோல் இருவரின் உடலில் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. ஈரலில் அது மாறும் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு டிரமடோலும் கொடீனும் கொடுக்கக் கூடாது என 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அறிவித்ததன் காரணம், சில பிள்ளைகளின் மூச்சு நின்று போனதுதான். சத்திரசிகிச்சை முடிந்து மீந்த குளிசைகளை எண்ணிப் பூட்டி வையுங்கள். தேவை முடிந்ததும் வைத்தியசாலை மருந்தகத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டு அகற்றிவிடுங்கள். வைத்தியரிடம் "இது அபின் வகை மருந்தா? எத்தனை நாளைக்கு? எப்படி நிறுத்துவது?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்க வெட்கப்படாதீர்கள். பிள்ளையின் கண்மணி வெளிச்சம் குறைந்த இடத்திலும் ஊசிமுனை போல் சுருங்கியிருந்தால், காரணமின்றிச் சொறிந்துகொண்டிருந்தால், பகலில் தூங்கி விழுந்தால், பையில் வெறும் குளிசை அட்டைகள் கண்டெடுக்கப்பட்டால் கவனியுங்கள். தட்டி எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் மானத்தைப் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். அதற்கு மாற்று மருந்து உண்டு. ஆனால் அது உங்கள் வீட்டில் இல்லை.

பிள்ளை அடிமைப்பட்டுவிட்டான் என்று தெரிந்த பின் எமது குடும்பங்கள் வழமையாகச் செய்யும் மூன்று காரியங்கள் உண்டு. ஒன்று, வெளிநாட்டுக்கு அனுப்புவது. மத்திய கிழக்கில் இம்மருந்துகளுக்கான சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதை அறியாத செயல் இது. 2017இல் எகிப்துக்கு 290 டிரமடோல் குளிசைகளோடு சென்றிறங்கிய பிரித்தானியப் பெண்ணொருவர், தமது துணைவரின் முதுகு வலிக்கே கொண்டுவந்ததாகக் கூறியும் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். உம்ராவுக்குச் செல்லும் வயோதிபர்களும் இதனைக் கவனத்தில் கொள்வது நல்லது. வைத்தியரின் கடிதமின்றி, அந்நாட்டின் விதியை விசாரிக்காமல் இவ்வகைக் குளிசைகளைப் பையில் வைக்காதீர்கள். இரண்டாவது, "கலியாணம் முடித்து வைத்தால் திருந்திவிடுவான்" என்பது. விடயத்தை மறைத்து ஒரு பெண்பிள்ளையின் வாழ்வை மருந்தாக்குவதற்கு மார்க்கத்தில் அனுமதியில்லை. அது மோசடி. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

மூன்றாவது, அறையில் போட்டுப் பூட்டி ஒரே நாளில் நிறுத்த வைப்பது. பெற்றோரின் வேதனை எனக்கு விளங்குகின்றது. ஆனால் இது ஆபத்தானது. சில வாரங்கள் குளிசையின்றி இருந்த உடல் தனது பழக்கத்தை இழந்துவிடுகின்றது. வெளியே வந்ததும் அவன் பழைய அளவையே எடுத்தால், முன்பு தாங்கிய அதே அளவு இப்போது அவனைக் கொன்றுவிடும். சிறையிலிருந்து விடுதலையான உடனேயே பலர் இவ்வாறு இறந்துள்ளார்கள்.

இவ்விடயத்தில் எமது மத்ஹபின் கிதாபுகளில் ஒரு பத்வா இருக்கின்றது. அரபுக் கல்லூரியில் படிப்பவர்கள் 'துஹ்ஃபா'வின் ஆசிரியராக அறிந்துள்ள இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 974இல் மக்காவில் வபாத்தானவர்கள். அபினுக்கு அடிமையாகி, அதை விட்டால் இறந்துவிடுவோம் என்ற நிலைக்கு வந்த மனிதரைப் பற்றி அவர்களிடம் கேட்கப்பட்டது. உயிரைக் காக்கும் அளவுக்கு அவர் உட்கொள்வது ஆகும் என்பது மட்டுமல்ல, கடமையும் கூட என்று இமாமவர்கள் விடையளித்தார்கள். அத்துடன் நிறுத்தவில்லை. உடல் உணராத வகையில் சிறிது சிறிதாக அளவைக் குறைத்து முற்றாக விடுபடுவதும் அவர்மீது கடமை. அந்த முயற்சியைக் கைவிட்டால் அவர் பாவியாவார் என்றார்கள். இன்றைய வைத்தியர்கள் டிரமடோலை நிறுத்துவதற்குக் கூறும் வழியும் அளவைப் படிப்படியாகக் குறைப்பதே. குறைக்கும் கணக்கை வைத்தியர் தீர்மானிக்க வேண்டும். குடும்பமோ, பள்ளிவாசல் நிர்வாகமோ, நானோ அல்ல. இந்தச் சலுகை சிகிச்சைக்கு வந்தவனுக்கே உரியது. "இமாம் அனுமதித்துவிட்டார்" என்று தானே தனக்கு அளவு போட்டுக்கொள்பவனுக்கு அதில் பங்கில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒருவனின் பெயரை ஜும்ஆவில் வாசித்து அவமானப்படுத்துவதால் அவன் அடுத்த ஜும்ஆவுக்கு வராமல் போவானே தவிர, குளிசையை விடமாட்டான். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மது அருந்தித் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்ட ஒருவர் இருந்தார். தண்டனை நிறைவேற்றப்பட்டது; அதில் தளர்வு இருக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது நபியவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று எல்லோர் முன்னிலையிலும் சாட்சி கூறினார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. இன்னொரு தடவை, இத்தகைய ஒருவரை இழிவாகப் பேசி உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள்.

முன்னர் நான் கூறிய அந்தத் தந்தையை ஒரு மனநல வைத்தியரிடம் அனுப்பினேன். மகனும் சம்மதித்துச் சென்றான். அளவைக் குறைக்க நான்கு மாதங்களுக்கு மேல் எடுத்தது. இடையில் ஒரு தடவை அவன் வழுக்கியும் விழுந்தான். இப்போது தகப்பனின் கடையில் நிற்கின்றான். கால் இன்னும் மழை நாளில் நோகும் என்கின்றான், பரசிட்டமோலோடு சமாளிக்கின்றான்.

உங்கள் வீட்டிலும் அவ்வாறு ஒருவர் இருந்தால், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தில் அழைத்தும் ஆலோசனை பெறலாம். தாயோ தந்தையோ முதலில் பேசலாம். பிள்ளையின் சம்மதத்தைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.